வெள்ளாற்றின் எதிர்த்திசையில்

தமிழ்நாட்டில் வெள்ளாறு என்ற பெயரில் இரண்டு ஆறுகள் உண்டு. பரங்கிப்பேட்டையில் கடல் சேர்வது ஒன்று. புதுக்கோட்டைச் சீமையை ஊடறுத்து வந்து மணமேல்குடிக்கு அருகே கடலில் கலக்கும் தென்வெள்ளாறு மற்றொன்று. இரண்டாவதற்குப் புகழ் குறைவு. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடைப்பட்ட எல்லையாகச் சொல்லப்பட்ட ஆறு இதுதான். ஆனால் எல்லை என்ற சொல்லுக்கேற்ற மிடுக்கு எதுவும் இன்று அதனிடம் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி மணல். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் சில வாரங்கள் தண்ணீர். கடலை நெருங்கும்போது மட்டும் உவர்நீர் உள்ளே ஏறி வந்து, ஆறு எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று சொல்லவிடாமல் ஒரே தகடாகக் கிடக்கும்.

2024ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் நாங்கள் மூவர் அந்தக் கழிமுகப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஆற்றின் எதிர்த்திசையில் ஆவுடையார்கோயில் வரை நடந்தோம். வரைபடத்தில் நேர்க்கோடு இழுத்தால் இருபது கிலோமீட்டர் அளவுக்குத்தான் வரும். பேருந்தில் போனால் அரைநாள் காரியம். நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். முதுகில் ஆளுக்கொரு பை. அதில் போர்வை, தண்ணீர், மாற்றுடை, ஒரு சிறு எரிவாயு அடுப்பு, ஒரு பாத்திரம், இரண்டு புத்தகங்கள். புத்தகங்களைத் திறக்கவேயில்லை என்பது வேறு விஷயம்.

முதுகுப்பையோடு ஊர் பார்க்கக் கிளம்புவது எங்கள் தலைமுறைக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம். நடைப்பயணம் இங்கே என்றும் உண்டு. ஆனால் அதற்கொரு தெய்வம் வேண்டும், ஒரு நேர்த்திக்கடன் வேண்டும், உடுப்பில் அதற்கான நிறம் வேண்டும். எதையும் வேண்டிக்கொள்ளாமல் நடக்கிறவனை ஊர் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வழியில் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைக் கண்டதும் கேட்டார்: “பழனிக்கா போறீக? பூசம் முடிஞ்சு போச்சே தம்பி.” ஆவுடையார்கோயிலுக்கு என்றோம். “அதுக்கு ஏன் நடக்கணும்? பஸ்ஸு போகுதுல்ல” என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு அந்த இடத்தில் சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

எங்கள் மூவரில் ஒருவர் மணமேல்குடிக்காரர். 2019 ஜூன் மாதத்தில் இதே பைகளைச் சுமந்துகொண்டு இதே மூவரும் செக் நாட்டில் இருக்கும் செஸ்கி க்ரும்லோவ் என்ற ஊருக்குப் போயிருந்தோம். பிராகிலிருந்து தெற்கே பேருந்தில் மூன்று மணி நேரம். வல்தாவா ஆறு அங்கே பாம்பு படுத்ததுபோல இரண்டு முறை வளைகிறது. அந்த வளைவுக்குள் செவ்வோட்டுக் கூரைகளும் கல் பாவிய சந்துகளுமாக ஊர். எதிர்க்கரைப் பாறைமேல் அரண்மனை, வண்ணம் பூசிய ஒரு வட்டக்கோபுரம். அரண்மனை அகழியில் தண்ணீருக்குப் பதில் கரடிகளை வளர்க்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு நாடக அரங்கு ஒன்று, அக்கால இயந்திரங்களும் திரைச்சீலைகளும் கலையாமல் இன்னும் நிற்கிறது. 1992இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த ஊர். எந்த மூலையில் நின்று படமெடுத்தாலும் நாட்காட்டிக்கு அனுப்பலாம். சொல்லிவைத்தாற்போல எல்லோரும் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

அந்த அழகைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு, சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன், பாலத்தில் நின்று ஆற்றைக் கேட்டோம். ஸ்மெதானா இந்த ஆற்றுக்கு இசையமைத்தது 1874இல். ஓடும் ஆற்றின் ஒலியோடு ஒரு பழைய ஊர் விழிப்பதைக் கேட்க வாய்த்தது பேறுதான். ஆனால் ஊர் விழிக்கவில்லை. யாரும் வாசல் தெளிக்கவில்லை என்று ஒப்பிடுவது அசட்டுத்தனம். எனினும் ஒரு பால் வண்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளை, சன்னலில் உலரும் துணி என எதுவும் கண்ணில் படவில்லை. ஒன்பது மணிக்கு எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. எல்லாம் கடைகள், விடுதிகள், உணவகங்கள்.

நாங்கள் தங்கிய விடுதியின் அம்மாள் ஆற்றைத் தாண்டி மேட்டுப் பகுதியில் இருந்த அடுக்குமாடி வீட்டிலிருந்து தினமும் இறங்கி வருபவர். உங்கள் நாட்டில் இப்படிப் பழைய ஆற்றங்கரை ஊர்கள் உண்டா என்று விசாரித்தார். மணமேல்குடி நண்பர், “உண்டு. ஆனால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை” என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, “இங்கே பார்ப்பதற்கு மட்டும்தான் இருக்கிறது. ரொட்டி வாங்க நான் மேட்டுக்குப் போக வேண்டும்” என்றார்.

அவர் சொல்லித்தான் முந்தைய ஆண்டு நடந்ததை அறிந்தோம். காத்தெரீனா ஷெடா என்ற செக் கலைஞர், 2018 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சிக்காக அந்த ஊரில் ஒரு வேலை செய்திருக்கிறார். சில குடும்பங்களை வரவழைத்து, ஊரின் நடுப்பகுதியில் குடியிருக்க இடமும் மாதச் சம்பளமும் கொடுத்து, கோடைக்காலம் முழுவதும் அவர்களைச் சாதாரணமாக வாழச் சொன்னார். துணி உலர்த்துவது, பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடுவது, வாசலில் உட்கார்ந்து பேசுவது என்று அவ்வளவுதான் உத்தியோகம். யுனெஸ்கோ என்ற பெயரை இரண்டாகப் பிளந்து அந்த வேலைக்குத் தலைப்பாக வைத்தார். செக் மொழியில் அப்படிப் பிளந்தால் எதையோ தூக்கிக்கொண்டு போவது என்ற பொருள் தொனிக்குமாம். முதுகில் பையுடன் நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அந்தச் சிலேடை சற்று உறைக்கவே செய்தது.

அந்த ஊர் ஆட்களை இழந்தது முதல் முறையன்று. இரண்டாம் உலகப்போர் முடியும்வரை அங்கே பெரும்பான்மையினர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1945க்குப் பிறகு அவர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். வேறிடங்களிலிருந்து வந்தவர்கள் அந்த வீடுகளில் குடியேறினர். பழுது பார்க்க யாரிடமும் பணமில்லாததால் வீடுகள் இடிக்கப்படாமலும் மாற்றப்படாமலும் அப்படியே நின்றன என்கிறார்கள். வறுமை காப்பாற்றிய அழகு. அதற்கும் முன்னால், 1911இல், ஏகான் ஷீலே என்ற இளம் ஓவியன் தன் தாய் பிறந்த அந்த ஊருக்கு வந்து தங்கினான். மணமாகாத பெண்ணோடு வாழ்கிறான், சிறுமிகளை மாதிரியாக வைத்து வரைகிறான் என்று ஊரார் சில மாதங்களிலேயே அவனை விரட்டினார்கள். இன்று அவன் பெயரில் அங்கே கலைக்கூடம் இருக்கிறது. அவன் மேட்டிலிருந்து பார்த்து அந்த ஊரை வரைந்த ஓவியங்களுக்குத் தந்த பெயர் ‘இறந்த நகரம்’. நெருக்கியடித்த வீடுகள், இருண்ட ஆறு, ஓர் ஆள்கூட இல்லை. ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் அவன் அப்படி வரைந்தான் என்பதுதான் எங்களைத் தொந்தரவு செய்தது.

மணமேல்குடிக்கு நாங்கள் இருவரும் போனது இந்த நடைக்காகத்தான், முதல் முறையாக. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்ட அறந்தாங்கிப் பகுதியில் அடங்கிய ஊர் இது. புதுக்கோட்டை மன்னர்களின் ஊர் அன்று. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரின் ஊடாகப் போகிறது. சாலையிலிருந்து பார்த்தால் கைப்பேசிக் கடைகள், பரோட்டாக் கடைகள், உரக்கடை, அரசு அலுவலகங்கள். படமெடுக்க யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள்.

நண்பரின் வீடு உள்தெருவில். நாட்டு ஓடு வேய்ந்து, முற்றமும் திண்ணையும் வைத்துக் கட்டிய வீடு; எட்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் சிங்கப்பூரில், இவர் சென்னையில். தெருவில் எண்ணிப் பார்த்தோம்: இருபத்திரண்டு வீடுகளில் ஒன்பதில் பூட்டு. பூட்டிய வீடுகள்தாம் பெரிய வீடுகளும்கூட. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்து, கிரகப்பிரவேசம் நடந்து, பூட்டப்பட்ட வீடுகள். க்ரும்லோவில் வேற்றாள் வந்து ஊர்க்காரர் மேட்டுக்கு ஏறினார்கள். இங்கே வேற்றாள் ஒருவரும் வரவில்லை. இருந்தும் ஊர்க்காரர் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அங்கே சாதாரணமாக வாழ ஒரு கலைஞர் சம்பளம் கொடுத்தார். இங்கே சாதாரணமாக வாழ்வதற்கான சம்பளம் வெகுதொலைவிலிருந்து மாதாமாதம் வருகிறது.

அண்ணனுக்கு வீட்டை விற்றுவிட எண்ணம். நண்பருக்கு வேறொரு திட்டம். க்ரும்லோவில் பார்த்ததைப்போல அதைப் பயணிகள் தங்கும் விடுதியாக்கலாம். முற்றத்தைச் சரிசெய்து, சுவருக்குச் சுண்ணாம்படித்து, பழைய ஊஞ்சலை மாட்டினால் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள். இந்த நடையே அதற்கான வெள்ளோட்டம் என்று இரவில்தான் சொன்னார். எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய அத்தைதான் எட்டு ஆண்டுகளாகச் சாவியை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமைதோறும் கதவைத் திறந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டுவார். திட்டத்தைக் கேட்டுவிட்டு, “யாரு வேணாலும் வரட்டும் ராசா. அடுப்பெரியிற வீடா இருக்கணும். ஓட்டல்ல வாங்கியாந்து வச்சுத் திங்கிறதுக்கு வீடு எதுக்கு?” என்றார். நண்பர் பதில் சொல்லவில்லை. எங்கள் மூவருக்கும் அன்றிரவு அவர் வீட்டுச் சோறு, மீன் குழம்பு.

காலையில் கடற்கரைக்குப் போனோம். பாக் நீரிணைக் கடல். இராமேசுவரத்துப் பக்கம் இதைப் பெண்கடல் என்பார்கள். அலை அவ்வளவு தணிவு. ஆழமும் மிகக் குறைவு. பெரும்பகுதியில் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. கரையில் நாரும் இலையுமாகக் கடற்புல் ஒதுங்கிக் கிடந்தது. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் அது. கரையில் நின்று பார்த்தால் அதுவும் வெறும் தண்ணீர்தான். பார்க்க முடியாதது ஒன்று அங்கே மேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை நம்ப வேண்டும்.

ஊரை விடுமுன் செகதீசுவரர் கோயிலுக்குப் போனோம். அறுபத்துமூவரில் ஒருவரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் மணமேல்குடி என்கிறது பெரியபுராணம். ஏழாம் நூற்றாண்டில் நின்றசீர் நெடுமாறனுக்கு அமைச்சர். அரசி மங்கையர்க்கரசியோடு சேர்ந்து சம்பந்தரை மதுரைக்கு அழைத்தவர். அனல்வாதமும் புனல்வாதமும் முடிந்து, தோற்ற சமணர் எண்ணாயிரவரைக் கழுவேற்றும் ஆணையை நிறைவேற்றியவராகவும் சேக்கிழார் இவரைத்தான் காட்டுகிறார். அந்த எண்ணிக்கை வரலாறா, காவியமா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டதில்லை. சன்னிதியில் கைகூப்பி நிற்கும் அந்தச் சிறு உருவத்தின் முன் நின்றபோது, ஓர் அமைதியான கடற்கரை ஊர் தன் மிகப்பெரிய மனிதனைப் பற்றி என்ன நினைக்கும் என்று யோசித்தோம். அர்ச்சகர் வேறு அவசரத்தில் இருந்தார்.

இந்தக் குலச்சிறையாரையும் ஆற்றின் மறுகோடியில் இருக்கும் மாணிக்கவாசகரையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் நடக்கும்போதுதான் தோன்றியது. இருவரும் பாண்டியனின் அமைச்சர்கள். ஒருவர் பதவியில் இருந்துகொண்டே, அதன் முழு அதிகாரத்தையும் செலுத்தி, நாயனார் ஆனவர். மற்றவர் குதிரை வாங்கக் கொண்டுவந்த அரசுப் பணத்தைக் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவிட்டு, பதவியை இழந்து, வெயிலில் நிறுத்தப்பட்டவர். இருவரையும் தமிழ்ச் சைவம் ஒரே மூச்சில் வணங்குகிறது. எங்களுக்கு இரண்டாமவர்மேல் ஓர் ஒட்டுதல். கணக்குத் தணிக்கைத் துறையில் பணிபுரியும் எங்கள் மூத்த நண்பர் மட்டும் இதில் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார்.

நடையைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. ஆற்றை ஒட்டியும் விலகியும் போனோம். கரை நெடுக சீமைக்கருவேலம். அதன் முள் கெட்டியான காலணியையும் துளைக்கும். இடையிடையே பனங்கூட்டம், நாணல், தேங்கிய குட்டையில் கொக்குகள். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் தலை முறிந்த தென்னைகள் சில இன்னும் மொட்டைத் தூண்களாக நின்றன. மணலில் நடப்பது தார்ச்சாலையில் நடப்பதைவிட இருமடங்கு உழைப்பு. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் இறைத்துக் குடம் நிரப்பிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்கள் புட்டிகளையும் நிரப்பித் தந்தாள். “மேல தண்ணி இல்லேன்னா ஆறு செத்துப் போச்சா? கீழ ஓடுதுண்ணே” என்றாள். இரவு ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றுப் படுத்தோம். சிறு அடுப்பில் தேநீர் வைத்தபோது ஊர்ப்பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு அது க்ரும்லோவ் நாடக அரங்கு.

மறுநாள் நண்பகலில் ஆவுடையார்கோயில். பழைய பெயர் திருப்பெருந்துறை. துறை என்ற சொல் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. துறைக்குரிய நீர்தான் விலகி நிற்கிறது. வாதவூரார் குதிரை வாங்க வந்ததும், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டதும் இங்கேதான் என்பது மரபு. அவர் காலத்தைப் பெரும்பாலோர் ஒன்பதாம் நூற்றாண்டு என்பர். குதிரை வாணிபம் இந்தக் கடற்கரைக்குக் கட்டுக்கதை அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்குவதையும், வளர்க்கத் தெரியாமல் அவை மடிவதையும், அவற்றுக்கு இங்கே சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். மணமேல்குடிக்குத் தெற்கே கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் பெயரால் ஒரு தர்கா உண்டு. ராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள். இங்கே, கோயில் மண்டபத் தூணில், சிவன் குதிரைமேல் வருகிறார். கடிவாளம், சேணம், கழுத்துமணி எல்லாம் கண்ணால் பார்த்த குதிரையிலிருந்து செதுக்கியவை. இறக்குமதியாளர்களைக் கடவுள் நன்றாகக் கவனித்திருக்கிறார்.

கொடுங்கையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் சொல்லியாக வேண்டும். மண்டப விளிம்பில் வெளியே வளைந்து இறங்கும் கல் தாழ்வாரம். அடியில் நின்று மேலே பார்த்தால் மரச்சட்டங்கள், அவற்றைக் கோத்த கம்பிகள், குமிழ் ஆணிகள், கயிறு. எல்லாம் ஒரே கல். கூரை வேய்ந்த மரத்தச்சனின் வேலையைக் கல்தச்சன் ஆணி மாறாமல் படியெடுத்திருக்கிறான். பழைய காலத்தில் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும் சிற்பிகள், ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக்கொடுப்பார்கள் என்பது வழக்கு. கல்தானா என்று நம்பாமல் ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று ஒரு துளையையும் காட்டுகிறார்கள். பார்ப்பதற்குரிய ஊர் வேண்டும் என்று வருபவருக்கு இது போதும். வீரபத்திரரின் தொடைத் தசையும் நரம்பும் இருக்கின்றன. கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம், படங்களும் எடுத்தோம்.

ஆனால் இந்த மண்டபங்களெல்லாம் எதை நோக்கி அழைத்துப் போகின்றனவோ அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கோயில் தெற்கு நோக்கியது. நந்தி இல்லை. கொடிமரம் இல்லை. கருவறையில் இலிங்கம் இல்லை. அது அமர வேண்டிய ஆவுடையார் மட்டும் இருக்கிறது. ஆன்மநாதர் அருவம். அம்மன் யோகாம்பிகைக்கும் உருவமில்லை. பீடத்தில் பாதங்கள் மட்டும், அதையும் கல் பலகணி வழியே எட்டித்தான் பார்க்க வேண்டும். திருவிழாவில் வீதியுலா வருபவர் மாணிக்கவாசகர். உலகத்தின் கடினமான கல்லைக் கயிறாகத் திரித்துக் காட்டியவர்கள், நடுவில் ஒரு வெற்றிடத்தை வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். செய்ய முடியாமல் அன்று என்பதை வாசலிலேயே கொடுங்கை சொல்லிவிட்டது.

நிவேதனம்தான் இக்கோயிலின் உயிர் என்று எங்களுக்குத் தோன்றியது. கருவறைக்கு முன்னால் ஒரு பெரிய கல்மேடை, படைக்கல். ஆறு காலப் பூசையிலும் புழுங்கலரிசிச் சோற்றை வடித்து, கொதிக்கக் கொதிக்க அந்தக் கல்லின்மேல் பரப்புகிறார்கள். உடன் கீரை, பாகற்காய். எழும் ஆவியே நிவேதனம்; உருவமற்றவருக்கு உருவமற்ற உணவு. பச்சரிசியும் நெய்யும் சர்க்கரையும் மணக்கும் மற்றக் கோயில்களுக்கு நடுவே, இது வயலில் இறங்கி வேலை செய்பவர் வீட்டு அடுப்பின் மணம். மதிய பூசையில் அந்த ஆவி எழுந்து விளக்கொளியில் ஒரு கணம் திரையாக நின்று கரைந்தது. மணமேல்குடி நண்பரின் கைப்பேசி சட்டைப்பையிலேயே இருந்தது. படமெடுத்திருந்தாலும் வெள்ளையாக ஏதோ ஒன்றுதான் விழுந்திருக்கும்.

இந்த ஊரைத் தமிழிலக்கியத்தில் நுழையவிட்டவர் மாணிக்கவாசகர் மட்டுமல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணம் பாடி, இங்கேயே அரங்கேற்றினார். 1870களில் நடந்தது அது. மாணவராக உடன் வந்த உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் இவ்வூரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆதீனக் கட்டளைத் தம்பிரான், புலவர், மாணவர், கேட்க வந்த ஊரார் என்று நாள்தோறும் நடந்த நிகழ்வு. இன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில்தான் கோயில் இருக்கிறது. மண்டபத்தில் அந்த இடம் எதுவாயிருக்கும் என்று தேடினோம். பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள் தூணில் சாய்ந்து வாய்விட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். வேதியியல். அவர்களைத் தொந்தரவு செய்யாமல் நகர்ந்தோம்.

மாலையில் சன்னிதித் தெருவில் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் அண்ணனுக்குப் பேசினார். அண்ணனின் கணக்கு எளிது: ஓடு மாற்ற இவ்வளவு, மின்சாரம் புதுப்பிக்க இவ்வளவு, யார் வருவார்கள், வராவிட்டால் யார் பார்ப்பார்கள். எல்லாம் சரியான கேள்விகள். நண்பர் இந்த முறை ஊஞ்சலைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் பேசவில்லை. சென்னை வேலையை வீட்டிலிருந்தே செய்ய மாதத்தில் இருபது நாள் அனுமதி கிடைக்கும், ஆறு மாதம் நான் அங்கே இருந்து பார்க்கிறேன், அதற்குள் விற்க வேண்டாம் என்றார். எதிர்முனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, நீ இருந்து பாரு. தனியா எப்படிச் சாப்பிடுவ?” என்று கேட்டது பெஞ்சில் இருந்த எங்களுக்கே கேட்டது.

இது நெடுநாள் நிற்கும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. இருபத்திரண்டில் ஒன்பது பூட்டு எட்டாவதனால் தெரு மாறிவிடாது. ஷெடாவின் குடும்பங்களும் கோடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இவருக்குச் சம்பளமும் யாரும் தரப்போவதில்லை, பார்க்கவும் யாரும் வரப்போவதில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

அறந்தாங்கிக்கு பதினான்கு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் நின்றுகொண்டே போனோம். பைகள் எல்லோருடைய முழங்காலையும் இடித்தன. அறந்தாங்கிப் பேருந்து நிலையத்தில் இரவு எட்டு மணிக்குப் பிரிந்தோம். நாங்கள் இருவரும் வடக்கே; அவர் மறுபடியும் மணமேல்குடிக்கு. வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது, பையிலிருந்த அந்தச் சிறு எரிவாயு அடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் எரிவாயு இணைப்பைத் திருப்பிக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன, புதிதாக எழுதிக்கொடுத்து வாங்க எப்படியும் இரண்டு வாரம் ஆகும் என்றார்.